சாம்பியன் ரீஃபில் பிறந்த மோமோ

"ஸ்கூலு, காலேஜுன்னு போயிட்டா நாக்கு செத்துப் போயிடும் பாப்பா. உனக்கு எங்க சாப்பாட்டப் பத்தித் தெரியப் போவுது?"

என்னைப் பார்த்து இப்படிக் கேட்டவர், ஆசியாக் கண்டத்தில் இதுவரை சமைக்கப்பட்ட எல்லாப் பண்டங்களும் கோலார் தங்கவயலில், சாம்பியன் ரீஃப் என்கிற ஒரே பகுதியில்தான் முதன்முதலாகச் சமைக்கப்பட்டன என்று நம்பியவர். சீனாவை அவர் ஒப்புக்கொள்ளவே இல்லை. ஜப்பான் மேல் கொஞ்சம் இரக்கம் காட்டினார். கொரியா என்று ஒரு நாடு இருப்பதே சுஜின் எங்கள் தெருவுக்குக் குடிவந்த பிறகுதான் அவருக்குத் தெரியும். தெரிந்த அன்றைக்கே அதையும் சாம்பியன் ரீஃபோடு சேர்த்துவிட்டார்.

பெங்களூர் விவேக் நகரில் எங்கள் தெருவுக்கு கேஸ் சிலிண்டர் போடுகிறவர் அவர். பெயர் யாருக்கும் தெரியாது. வாக்கியத்துக்கு ஒரு தடவை சாம்பியன் ரீஃப் என்பார். அதனால் நாங்கள் அவரைச் சாம்பியன் என்றே கூப்பிட்டோம். வாழ்க்கையில் எந்தப் போட்டியிலாவது ஜெயித்தவர் மாதிரித் தெரியவில்லை. ஐம்பத்தைந்து வயது இருக்கும். தினமும் விடியற்காலையில் தங்கவயலில் ரயிலேறி கண்டோன்மென்ட்டில் இறங்குவார். மாலை ரயிலில் திரும்பிப் போவார்.

மற்ற சிலிண்டர்காரர்கள் பழையதைக் கழற்றிப் புதியதை மாட்டி, சோப்புத் தண்ணீர் ஊற்றிக் குமிழி வருகிறதா என்று பார்த்துவிட்டுப் போய்விடுவார்கள். சாம்பியனுக்கு வேலை அங்கேதான் ஆரம்பிக்கும். அடுப்பைப் பற்றவைப்பார். வெறும் அடுப்பு எரிந்தால் அவருக்குத் திருப்தி வராது. "மேல ஒரு சட்டி வச்சாத்தான் தீயோட கொணம் தெரியும்" என்று சொல்லி, பக்கத்தில் இருக்கிற பாத்திரத்தை எடுத்து அவரே வைப்பார். பாத்திரம் சூடாகும். மூடியைத் திறப்பார். மோந்து பார்ப்பார். "உப்பு மட்டும் பாத்துச் சொல்லிட்டுப் போறேன்" என்பார். இப்படியாக எங்கள் தெரு முழுவதையும் அவர் சாப்பிட்டு முடித்திருந்தார். கையில் ஒரு மூன்றடுக்கு டிபன் கேரியர் இருக்கும். தங்கவயலிலிருந்து வரும் மற்ற எல்லாருடைய கேரியரும் காலையில் நிறைந்து வந்து மாலையில் காலியாகப் போகும். இவருடையது காலையில் காலியாக வந்து மாலையில் நிறைந்து போகும்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்துக்குள் மாணவியாக நுழைந்த முதல் ஆள் நான். அப்பா பள்ளிக்கூடத்துக்குள் போயிருக்கிறார், சுண்ணாம்பு அடிக்க. அம்மா அபார்ட்மென்ட் வீடுகளில் பாத்திரம் தேய்த்தவர். நான் எம்.எஸ்ஸி. முடித்து, உணவுப் பொருட்களைச் சோதிக்கிற ஒரு லேபில் வேலை பார்க்கிறேன். பாக்கெட்டின் மேல் எழுதியிருப்பதும் உள்ளே இருப்பதும் ஒன்றுதானா என்று பார்ப்பது என் வேலை. கேட்டவர்களிடமும் கேட்காதவர்களிடமும் இதைச் சொல்வேன். ஒரு நாள் எங்கள் வீட்டுக்கு சிலிண்டர் போட வந்த சாம்பியனிடம் சோயா சாஸ் எப்படித் தயாராகிறது என்று விளக்கிக்கொண்டிருந்தபோதுதான், அவர் என் நாக்கு செத்துப்போனதை அறிவித்தார்.

அவருக்குப் பதில் சொல்வதற்காகத்தான் சனிக்கிழமைச் சமையலை ஆரம்பித்தேன் என்றால் அது முழு உண்மை இல்லை. முக்கால் உண்மை. எங்கள் தெருவில் கீழ்த்தளங்களில் நாங்களும், மேல்மாடிகளில் வெளியூர்க்காரர்களும் குடியிருந்தோம். தையல் கடை வைத்திருந்த டோல்மா அக்கா திபெத்தியர், பிறந்தது திபெத்திய அகதிகள் குடியிருப்பான பைலகுப்பேயில். சுஜின் இங்கே படிக்க வந்த கொரியப் பெண். லின்தோய் மணிப்பூர்க்காரி, மருத்துவமனையில் நர்ஸ். படிக்கட்டில் எதிரெதிரே வந்தால் சிரிப்போம். யார் வீட்டில் என்ன வேகிறது என்று யாருக்கும் தெரியாது, சாம்பியனைத் தவிர. தெருக்காரர்கள் சங்கத்துக்கு ஒரு ஹால் இருந்தது. அதில் பிளாஸ்டிக் நாற்காலிகள் மட்டும் குடியிருந்தன. வாரம் ஒருவர் தங்கள் ஊர்ச் சாப்பாட்டை அங்கே சமைத்துக் காட்டட்டும், எல்லாரும் சேர்ந்து சாப்பிடலாம் என்று நான் சங்கத்துச் செக்ரட்டரியிடம் போய்க் கேட்டேன்.

செக்ரட்டரி ரிட்டயர் ஆன பிறகு தெருவையே ஆபீசாக நடத்துகிறவர். யோசித்தார். ஒரு நீளமான நோட்டை எடுத்து வந்தார். புகார் புத்தகம். தேதி, புகார், கொடுத்தவர் கையெழுத்து, கடைசியில் 'தீர்ந்ததா?' என்று ஒரு கட்டம், அதிலும் புகார் கொடுத்தவர் கையெழுத்து.

"ஏம்மா, ஹால் தர்றேன். ஆனா இதுல ஒரே ஒரு வரி விழுந்தாலும் அன்னைக்கே சாவி என் கைக்கு வந்துடணும். என்ன?"

"சரிங்க சார்."

"நல்லா யோசிச்சுச் சொல்லு. சமையல்னா பொக வரும், வாசனை வரும்."

"வரட்டும் சார்," என்றேன். அவர் அந்த நோட்டை ஒரு நூலில் கட்டி ஹால் கதவருகே தொங்கவிட்டார்.

முதல் சனிக்கிழமை மதியம் டோல்மா அக்காவின் மோமோ, மாவுக்குள் கறி வைத்து ஆவியில் வேகவைப்பது. ஹாலுக்கு சிலிண்டர் கொண்டுவந்த சாம்பியனை யாரும் இருக்கச் சொல்லவில்லை. போகவும் சொல்லவில்லை. பாத்திரத்துக்கு மிக அருகில் இருந்த நாற்காலி அவருடையதாகிவிட்டது. முதல் மோமோவை வாயில் போட்டார். கண்ணை மூடினார். திறந்தார்.

"இது எங்க சாம்பியன் ரீஃப் கொழுக்கட்டை."

"அண்ணா, இது திபெத்து," என்றேன்.

"பாப்பா, கேளு. மைனிங்ல எறங்கறவன் கைல கொழுக்கட்டை குடுத்தனுப்புனாங்க. உள்ள ஒரே சூடு. வெல்லம் உருகி உருகி கைல ஒட்டுது. கை ஒட்டுனா கடப்பாரை பிடிக்க முடியுமா? அதான் வெல்லத்த எடுத்துட்டு கறி வச்சான். மிச்சம் ஆனத திபெத்துக்காரன் வாங்கினு போயிட்டான்."

நான் செல்போனில் மேப்பைத் திறந்து காட்டினேன். "இது திபெத்து. இது கே.ஜி.எஃப். நடுவுல எவ்ளோ தூரம் பாருங்க."

அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். "நடுவுல ரோடு இருக்குதே," என்றார்.

டோல்மா அக்கா கோபித்துக்கொள்வார் என்று நினைத்தேன். அவர் சிரித்துச் சிரித்து மாவுக் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "ஆய்த்து அண்ணா, நீங்க சொன்னா சரி. இன்னும் நாலு போட்டுக்கங்க."

அடுத்த வாரம் சுஜின் கடல்பாசித் தாளில் சோற்றைப் பரப்பி, காய் வைத்துச் சுருட்டி, வட்டம் வட்டமாக வெட்டினாள். கிம்பாப். சாம்பியனுக்கு விளக்கம் தயாராக இருந்தது. "மைன்ஸ்ல ஆளுங்கள எறக்கற கூண்டு கிடுகிடுனு ஆடும் பாப்பா. கிண்ணத்துல சோறு எடுத்துனு போனா பக்கத்துல நிக்கறவன் தலைல கொட்டும். கொட்டாம இருக்கச் சுருட்டுனது தான் இது." சாப்ஸ்டிக் குச்சிகளை அவர் பார்த்ததும் அதுவும் சாம்பியன் ரீஃபுக்குப் போயிற்று. "கை எல்லாம் மண்ணு. சோத்த எப்படித் தொடறது? ரெண்டு குச்சியால எடுத்தான்." சுஜின் இதையெல்லாம் ஒரு நோட்டில் எழுதிக்கொண்டிருந்தாள். நான் நோட்டை வாங்கி அடித்துவிட்டேன். அவள் மறுபடி எழுதினாள்.

மூன்றாவது வாரம் கிம்ச்சி. முட்டைக்கோஸில் மிளகாய்த்தூள் தடவி, ஜாடியில் போட்டுப் புளிக்கவைப்பது. அவள் பாட்டி காலத்தில் அந்த ஜாடியை மண்ணுக்குள் புதைத்து வைப்பார்களாம். சுஜின் ஆங்கிலத்தில் சொன்னதை நான் தமிழில் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது. சாம்பியனின் முகம் பிரகாசமானது.

"மண்ணுக்குள்ளயா? மண்ணுக்குள்ள எறக்குனா அது கே.ஜி.எஃப் தான் பாப்பா. இதுல இன்னா டவுட்டு?"

மூன்று மாதத்தில் வருகிறவர்கள் எண்ணிக்கை பன்னிரண்டிலிருந்து முப்பதானது. சமையலைப் பார்க்க வந்தார்களா, அது எப்படிச் சாம்பியன் ரீஃபுக்குப் போய்ச் சேரப்போகிறது என்று பார்க்க வந்தார்களா என்று எனக்குச் சந்தேகம் இருந்தது. புகார் புத்தகம் சுத்தமாக இருந்தது.

லின்தோய் மட்டும் சமைக்க மாட்டேன் என்றாள்.

"வேணாம் அக்கா. எங்க ஊரு இரோம்பால ஙாரி போடணும். புளிக்க வச்ச மீனு. அதுக்காக ரெண்டு வீடு மாறியாச்சு." நோயாளிகளிடம் பேசிப் பழகிய தமிழ் அவளுடையது, மெதுவாக, ஊசி போடுவதற்கு முன்னால் சொல்வது மாதிரிப் பேசுவாள். "இந்த வீட்டுல கீழ இருக்கறவங்க கோயிலுக்குப் போனப்புறம், ஜன்னல் சாத்திக்கிட்டுத் தான் செய்யறேன்."

"இங்க யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. நான் பொறுப்பு," என்றேன்.

"நீங்க சொல்ல மாட்டீங்க."

"யாருமே சொல்ல மாட்டாங்க லின்தோய். சத்தியமா."

அவள் இரண்டு வாரம் யோசித்து, சரி என்றாள்.

இந்த இடத்தில் சாம்பியனின் மூக்கைப் பற்றிச் சொல்ல வேண்டும். முப்பது வருட வேலையில் அந்த மூக்கு ஒரு தடவையும் தவறியதில்லை என்று அவர் சொல்வார், தெருவும் சொல்லும். தெருமுனையில் நின்றபடியே, "மூணாவது வீடு, ரெண்டாவது மாடி, டியூப் பழசு" என்பார். ஏறிப்போய்ப் பார்த்தால் டியூப் விரிசல் விட்டிருக்கும். கசிவு என்று தெரிந்தால் அந்த இடத்திலேயே எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட வேண்டும் என்பது அவர் தனக்குத் தானே வைத்துக்கொண்ட சட்டம். வீடுகளில் காலண்டரின் ஓரத்தில் எழுதுவார்.

அது தவக்காலம். செக்ரட்டரி நாற்பது நாளும் கவிச்சி தொடமாட்டேன் என்று சங்கத்து வாட்ஸ்அப் குழுவில் அறிவித்து, தாடியும் வளர்த்துக்கொண்டிருந்தார். லின்தோயின் சனிக்கிழமை வந்தது. இரோம்பாவுக்கு உருளைக்கிழங்கும் அவரையும் வெந்துகொண்டிருந்தன. சாம்பியன் இன்னும் வரவில்லை. அடுத்த தெருவில் ஒரு சிலிண்டர் பாக்கி என்று சொல்லி அனுப்பியிருந்தார். லின்தோய் ஒரு முறை கதவைப் பார்த்தாள், ஒரு முறை என்னைப் பார்த்தாள், பிறகு ஙாரியை எடுத்துத் தீயில் வாட்டி, மிளகாயோடு பாத்திரத்தில் போட்டு மசித்தாள்.

வாசனை எழுந்தது. சும்மா சொல்லக் கூடாது, பலமாகவே எழுந்தது. ஆனால் முப்பது பேரும் அசையாமல் இருந்தார்கள். டோல்மா அக்கா, "பசிக்குது," என்றார். நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

அப்போதுதான் தெருவில் அந்தக் குரல் கேட்டது.

"லீக்கு! லீக்கு! எல்லாம் வெளிய வாங்க! சுச்சு தொடாத! செல்லு தொடாத! ஏ, நீல சட்ட, வெளிய போய்யா!"

சாம்பியன் தோளில் இருந்த காலி சிலிண்டரைத் தெருவிலேயே போட்டுவிட்டு ஓடிவந்தார். வால்வை மூடினார். ஜன்னல்களைத் திறந்தார். எங்களை மந்தையை ஓட்டுவதுபோல் வெளியே ஓட்டினார். கதவைத் தாண்டும்போது நூலில் தொங்கிய நோட்டு அவர் கண்ணில் பட்டது. காதில் செருகியிருந்த பேனாவை எடுத்து, கடமை தவறாமல் எழுதிக் கையெழுத்தும் போட்டுவிட்டு, சோப்புத் தண்ணீர் பாட்டிலோடு உள்ளே போனார்.

முப்பது பேர் தட்டும் கையுமாகத் தெருவில் நின்று ஜன்னல் வழியாகப் பார்த்தோம். டியூபில் ஊற்றினார். குமிழி இல்லை. ரெகுலேட்டரில் ஊற்றினார். இல்லை. மண்டியிட்டு மோந்தார். எழுந்து மோந்தார். யாரோ மூக்கில் கயிறு கட்டி இழுப்பதுபோல் மெல்ல மெல்ல நகர்ந்து, லின்தோயின் பாத்திரத்துக்கு முன்னால் போய் நின்றார். மூடியைத் திறந்தார். மூடினார். அப்படியே நின்றார்.

"அது கேஸ் இல்ல," என்றாள் லின்தோய் என் பக்கத்தில். "என் மீனு."

அதற்குள் செக்ரட்டரி தாடியோடு வந்து சேர்ந்துவிட்டார். நேராக நோட்டைப் பிரித்தார். பூசையில் வாசகம் படிக்கிற மாதிரி நிறுத்தி நிதானமாகப் படித்தார். "கடும் நாத்தம். உசுருக்கு ஆபத்து. எல்லாரும் வெளியே." நோட்டை மூடினார். "நான் அப்பவே சொன்னேனா இல்லியா? சாவியக் குடும்மா."

நான்கு மாதமாக ஒரு வரி விழாத புத்தகத்தில் முதல் வரியை எழுதியது எங்கள் ஆளே. லின்தோய் உள்ளே போய்ச் சட்டியை இறக்கி, டப்பாக்களை மூடிப் பைக்குள் வைக்க ஆரம்பித்தாள். வீடு மாறிப் பழகியவளின் வேகம் அது. அவளிடம் சத்தியம் செய்தவள் நான். எம்.எஸ்ஸி.யில் இந்த மாதிரி சமயத்துக்கு எதுவும் சொல்லித்தரவில்லை. சாவி என் கையில் இருந்தது.

"இரு தாயி. அந்தப் பாத்திரத்த வை," என்றார் சாம்பியன்.

தன் நாற்காலியில் உட்கார்ந்தார். தட்டில் சோறு போட்டுக்கொண்டார். இரோம்பாவை இரண்டு கரண்டி எடுத்து ஊற்றிப் பிசைந்தார். ஒரு வாய். வழக்கமாக முதல் வாயிலேயே பேசிவிடுவார். பேசவில்லை. இரண்டாவது வாய், மூன்றாவது வாய். கண்ணில் தண்ணீர் வந்தது. மணிப்பூர் மிளகாய் காரணமாக இருக்கலாம். மறுபடி ஒரு கரண்டி போட்டுக்கொண்டு, தட்டைச் சுத்தமாகத் துடைத்து எழுந்தார்.

"சார். புகாரு குடுத்தது நான் தான?"

"ஆமாய்யா. உன் கையெழுத்து தான இது?"

"அப்ப தீர்ந்துச்சா இல்லியானு சொல்ல வேண்டியதும் நான் தான். நீங்களே கட்டம் போட்டு வச்சிருக்கீங்க." என் பக்கம் திரும்பினார். "பாப்பா, எழுது. என் கையெழுத்து கோணலா இருக்கும். உன்னுது பிரிண்டு போட்ட மாதிரி."

நான் நோட்டைப் பிடித்துக்கொண்டேன். அவர் சொல்லச் சொல்ல எழுதினேன்.

"இது கேஸ் இல்ல. மீனு." நிறுத்தினார். மூன்று மாடிக்கு சிலிண்டர் தூக்கும்போதுகூட அவர் அப்படி மூச்சு வாங்கி நான் பார்த்ததில்லை. "நான் மோந்தது தப்பு. என் மூக்கு தப்பு பண்ணிட்ச்சு."

நான் எழுதி முடிக்கும்வரை காத்திருந்தார்.

"அடுத்த வரி எழுது. இது எங்க சாம்பியன் ரீஃப் கருவாட்டுக் கடைசல். இதுல நாத்தம்னு சொல்றதுக்கு ஒண்ணும் இல்ல."

என் பேனா நின்றுவிட்டது. "அண்ணா, இது மணிப்பூரு."

"எழுது பாப்பா."

"தப்பா எழுதச் சொல்றீங்க. என்னால முடியாது."

லின்தோய் பையை மூடுவதை நிறுத்தியிருந்தாள். "எழுதுங்க அக்கா," என்றாள். "பழைய வீட்டு ஓனரு 'இது உங்க ஊரு நாத்தம்'னு கரெக்டா தான் சொன்னாரு. இவரு சாப்பிட்டுட்டு, தன் ஊருன்னு சொல்றாரு. எழுதுங்க."

எழுதினேன். நல்ல கையெழுத்தில், ஒற்றுப்பிழை இல்லாமல் எழுதினேன்.

"எந்த ஊரு மீனா இருந்தா எனக்கென்னம்மா?" என்றார் செக்ரட்டரி. "வரி விழுந்தது விழுந்தது தான். தவக்காலத்துல தெரு முழுக்கக் கவிச்சி நாத்தம்..."

"சார்," என்றார் சாம்பியன் மரியாதையாக. "போன செவ்வாக்கெழம உங்க வீட்டுல ரெகுலேட்டர் மாத்துனேனே. தீயப் பாக்கறதுக்குக் குக்கரத் தூக்கி வச்சேன். மூடியத் தொறந்தா, அதுல..."

"நீ எழுதும்மா," என்றார் செக்ரட்டரி என்னிடம், அவசரமாக. "தீர்ந்ததுனு போட்டு ஆளுகிட்டக் கையெழுத்து வாங்கு. சின்ன விஷயத்த எதுக்குப் பெருசு பண்றது?" போகும்போது ஒரு டப்பாவில் கொஞ்சம் இரோம்பாவும் வாங்கிக்கொண்டார். வீட்டில் இருப்பவர்களுக்கு என்றார்.

சாவி என்னிடமே இருந்தது. ஹால் தப்பியது. ஆனால் அடுத்த சனிக்கிழமை சாம்பியனின் நாற்காலி காலியாக இருந்தது. அதற்கடுத்த சனிக்கிழமையும். சிலிண்டர் வந்தது. மாட்டினார், வெறும் அடுப்பைப் பற்றவைத்தார், "எரியுது" என்றார், போய்விட்டார். எந்தச் சட்டியின் மூடியையும் திறக்கவில்லை. சுஜின் அந்த வாரம் அரிசி மாவை விரல் விரலாக உருட்டி, சிவப்புக் காரச் சாஸில் தெக்போக்கி செய்தாள். எல்லாரும் நன்றாக இருக்கிறது என்று சொல்லிச் சாப்பிட்டார்கள். அது எந்த ஊர்ப் பண்டம் என்று யாரும் சண்டை போடவில்லை. சுஜின் வாசலைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். "அங்கிள் வரல?" என்று தமிழில் கேட்டாள். யாரோ சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள்.

ஞாயிற்றுக்கிழமை நான் ரயிலேறினேன். சாம்பியன் என்ற பெயரிலேயே அங்கே ஒரு ஸ்டேஷன் இருக்கிறது. இறங்கி, சிலிண்டர் போடுகிற சாம்பியன் வீடு எது என்று கேட்டேன். யாருக்கும் தெரியவில்லை, அங்கே எல்லாருமே சாம்பியன் ரீஃப்தானே. பெங்களூரில் வேலை பார்க்கிறவர், டிபன் கேரியரோடு போவார் என்றதும் டீக்கடைக்காரருக்குப் புரிந்துவிட்டது.

"ஓ, நம்ம விவேக் நகரா? எப்பப் பாத்தாலும் விவேக் நகரு, விவேக் நகருன்னு... நாலாவது லைனுக்குப் போம்மா."

சுரங்கத் தொழிலாளர்களுக்காக வரிசையாகக் கட்டிய சின்னச் சின்ன வீடுகள். நாலாவது வரிசையில் ஒரு வீட்டு வாசலில் இட்லிப் பானை ஆவி விட்டுக்கொண்டிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டு நின்ற பெண்மணி என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"நீ தான் எம்.எஸ்ஸி.யா?"

சாம்பியனின் மனைவி, புஷ்பா அக்கா. அவர் சோடா வாங்கப் போயிருக்கிறார், உட்கார் என்றார். "தெனமும் உன் பேச்சு தான். எங்க தெருவுல ஒரு பாப்பா கீது, எதச் சொன்னாலும் மேப்பு எடுத்துக் காட்டி மடக்கிடும்னு அவ்ளோ பெருமையா சொல்லுவாரு." இட்லிப் பானையைத் திறந்தார். உள்ளே மோமோ. மடிப்பு ஒவ்வொன்றும் டோல்மா அக்காவுடையதைவிட நேர்த்தியாக இருந்தது. "கேரியர்ல வர்றத நாலு வாட்டி சாப்பிட்டா செய்ய வந்துடும். அந்தக் கொரியாப் பொண்ணு கிட்டச் சொல்லு, கிம்ச்சிய ரெண்டு நாள் முன்னாடியே எடுத்துடுது. இன்னும் புளிக்கணும்."

பக்கத்து வீட்டுப் பெண்மணி ஒருவர் கிண்ணத்தோடு வந்தார். "புஷ்பா, மோமோ ஆயிட்ச்சா?"

நான் சும்மா இருக்கவில்லை. "அக்கா, இது எந்த ஊரு சாப்பாடு?" என்று அவரிடம் கேட்டேன்.

அவர் என்னைப் பாவமாகப் பார்த்தார். "எந்த ஊரா? எங்க லைனுது மா. ஞாயித்துக்கெழம எல்லா வீட்லயும் இது தான்."

கேள்வியும் பதிலும் தெளிவாக இருந்தன. லேபில் இதற்கு மேல் சாட்சி கேட்க மாட்டார்கள். மோமோ இப்போது சாம்பியன் ரீஃப் பண்டம்தான். மூன்றடுக்குக் கேரியரில் ஏற்றி, மாலை ரயிலில் கொண்டுவந்து, அவரே அதை உண்மையாக்கிவிட்டிருந்தார்.

"அண்ணாவோட அப்பா மைன்ஸ்ல இருந்தாரா அக்கா?" என்றேன்.

புஷ்பா அக்கா சிரிக்க ஆரம்பித்து, பானையின் மூடியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். "இவரா? இவரு குடியாத்தம் மா! என்னக் கட்டிக்கினு தான் இங்க வந்தாரு. மைன்ஸ்ல இருந்தது எங்கப்பா. இவரு சுரங்கத்த எட்டிக்கூடப் பாத்ததில்ல. வந்த புதுசுல எங்க வீட்டுக் கருவாட்டு வாசனைக்கே மூக்கப் பொத்திக்கினு தெருவுக்கு ஓடுவாரு."

அந்த நேரம் பார்த்துச் சாம்பியன் சோடா பாட்டில்களோடு வந்தார். என்னைக் கண்டதும் நின்றார்.

"பாப்பா! நீ எங்க இங்க?"

"சனிக்கெழம ஏன் வரல?"

அவர் பாட்டில்களைக் கீழே வைத்தார். "சிலிண்டர்காரனுக்கு மூக்கு தான பாப்பா எல்லாம். அது அத்தினி பேரு முன்னாடி பொய் சொல்லிட்ச்சு. பாவம் அந்தப் பொண்ணு, சட்டியக் கூட எறக்கிட்ச்சு. அப்பால எந்த மூஞ்ச வச்சினு வர்றது?"

"லின்தோய் அடுத்த மாசமும் செய்யறேன்னு சொல்லிட்டா. போன வாரம் சுஜின் தெக்போக்கி செஞ்சா. அது எந்த ஊருன்னு சொல்றதுக்குத் தான் ஆள் இல்ல."

"அது எப்படி இருக்கும்?"

"அரிசி மாவு. விரல் நீளத்துக்கு உருட்டி, செவப்பா, காரமா."

சாம்பியன் சோடாவின் மூடியைத் திறந்து என்னிடம் நீட்டினார். முகத்தில் மெல்ல மெல்ல வெளிச்சம் ஏறியது.

"குச்சி மாதிரி? செவப்பா?"

"ஆமா."

"டைனமைட்டு குச்சி மாதிரி?"

"கிட்டத்தட்ட."

"டைனமைட்டு வச்சுப் பாறைய ஒடச்சது யாரு பாப்பா? கொரியாக்காரனா? எங்க சாம்பியன் ரீஃப்ல..."

அவருக்குப் பின்னால் நின்ற புஷ்பா அக்கா, நான் வாயைத் திறக்கிறேனா என்று ஆவலோடு பார்த்துக்கொண்டிருந்தார். நான் சோடாவைக் குடித்தேன்.

அடுத்த மாதத்துப் பட்டியலை நேற்று ஹால் கதவில் ஒட்டிவிட்டேன். முதல் சனிக்கிழமை: மோமோ. டோல்மா அக்காவிடம் கேட்டாகிவிட்டது, அவருக்கு ஆட்சேபணை இல்லை. சமைப்பவர் புஷ்பா அக்கா, ஊர் சாம்பியன் ரீஃப். உதவி செய்பவர் அவர் கணவர். அவருக்கு நேராக, ஊர் என்ற இடத்தில், 'அதே ஊர்' என்று எழுதியிருக்கிறேன்.